பாதி தின்ற கல்நார்

ஆனி 9, 2064. காலை 6.10

உறிஞ்சும் விசிறிகள் நான்கும் ஓடுகின்றன. உள்ளழுத்தம் சரி. ஈரம் தொண்ணூறு சதவீதம்.

பழைய ஆலையை மூடிக் கட்டிய இந்தக் கூடாரத்துக்குள் இருக்கும் ஒரே மனிதன் நான். பெயர் ஆறுமுகநயினார், தூசிப் பொறியாளர். என் அறைக்கும் உடைக்கும் தனி ஆக்சிஜன் உண்டு. வேலை முடியும்வரை வெளியே போக அனுமதியில்லை.

இதை யார் எடுத்துப் படிப்பீர்கள் என்று தெரியாது. அதனால் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன். இந்தச் செங்கரட்டில் ஒரு காலத்தில் கல்நாரை, அதாவது ஆஸ்பெஸ்டாஸை, அரைத்துக் கூரை ஷீட் செய்தார்கள். ஆலை போய்விட்டது, நார் போகவில்லை. சுவர், மண், விட்டம் எல்லாவற்றிலும் கிடக்கிறது. அதைத் தின்பதற்காக ஆய்வகத்தில் வளர்த்த ஒரு பூஞ்சையை விட்டிருக்கிறோம். வெள்ளையாக இருப்பதால் வெள்ளையன் என்று கூப்பிடுகிறோம். நல்ல சாப்பாட்டு ராமன். ஆனால் ஈரம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பாதியில் காய்ந்தால், தின்றும் தின்னாமலும் விட்ட நார் பொடிப்பொடியாக உதிரும். அந்தப் பொடியை எந்த முகக்கவசமும் தடுக்காது. வாசனை கிடையாது, உடனே இருமலும் வராது. இருபது முப்பது வருடம் கழித்து நுரையீரல் கல்லாகும்.

முழுக்கத் தின்று முடிக்க அவனுக்கு இன்னும் நாற்பது நாள் வேண்டும்.

வெளிக் கட்டுப்பாட்டு அறையில் இசக்கி இருக்கிறாள். கிழக்கு வேலியை ஒட்டிய காலனிக்காரி. கைக்குழந்தையோடுதான் வேலைக்கு வருகிறாள். இந்த இடம் சுத்தமானதும் காலனிக்காரர்களுக்கு மனைகளாகப் பிரித்துக் கொடுப்பதாக ஏற்பாடு.

"அண்ணாச்சி, எங்க வீட்ல இன்னிக்கு இட்லி. ஒங்களுக்குக் குடுக்கத்தான் வழியில்ல."

எனக்கு டப்பா உப்புமா. அதையும் உப்புமா என்று நம்பித்தான் தின்ன வேண்டும்.

ஆனி 17. பகல் 11.30

ஒப்பந்த நிறுவன மேலாளர் திரவியம் பேசினார்.

"நயினார் சார், காலனி மனைக்கு அடிக்கல் நாட்டு விழா ஆனி இருபத்தொம்பது. மந்திரி தேதி குடுத்துட்டாரு. ஆடி பொறந்துட்டுன்னா ஒரு மாசத்துக்கு நல்ல காரியம் ஒண்ணும் செய்ய முடியாது, பாத்துக்கிடுங்க. அதுக்குள்ள ஒங்க பூஞ்சைய முடிக்கச் சொல்லுங்க."

வெள்ளையனுக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாது என்றேன். நல்ல நகைச்சுவை என்று சிரித்தார்.

அளவீடுகளை இணைத்து மூன்று பக்கத்துக்கு எச்சரிக்கை அனுப்பினேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. விழாப் பந்தலுக்கு அளவெடுக்க ஆள் வந்துவிட்டது.

ஆனி 24. காலை 7.00

மேல்காற்று இறங்கிவிட்டது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். இந்த வருடம் அது ஆடிவரைகூடப் பொறுக்கவில்லை. மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிறது. காலனி இருப்பது கிழக்கே.

ஈரம் அறுபத்தெட்டு. தண்ணீர்த் தொட்டி காலி. லாரி வரவில்லை.

"லாரி வந்துது அண்ணாச்சி. இங்கன வரல. மந்திரி கார் வார ரோட்டுக்குத் தண்ணி அடிக்காவ. தூசி பறக்கக் கூடாதாம்."

இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். சிரிப்பு வந்தது. அப்புறம் திட்டினேன். திட்டியதை இங்கே எழுத முடியாது.

ஆனி 28. மாலை 4.20

ஈரம் முப்பத்தொன்று. ஓரங்களில் வெள்ளையன் அப்பளம் போல் காய்ந்து எழும்புகிறான். கூடாரம் மூடியிருக்கும்வரை விசிறிகள் காப்பாற்றும். திறந்தால் எதுவும் காப்பாற்றாது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டியில் அம்மா வீட்டுக்குப் போய்விடு என்று இசக்கியிடம் சொன்னேன். காரணத்தையும் ஒளிக்காமல் சொன்னேன்.

"எப்படிப் போவ அண்ணாச்சி? நாளைக்கு மேடையிலயே மனைக்குக் குலுக்கல். ஆளு நின்னாத்தான் பேர் சேப்பாவளாம். எங்க மாமா இந்த ஆலையில வேல பாத்துதான் இருமி இருமிச் செத்தாவ. அதுக்கு ரெண்டு செண்டு நெலமாவது வரட்டும்."

அந்த இருமல்தான் வரப்போகிறது என்றேன்.

"ஊரே நிக்கும்போது எனக்கு மட்டும் என்ன வந்துரும்?"

ஊருக்கே வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். குழந்தை அழுதது, அவள் இணைப்பை வைத்துவிட்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆனி 29. காலை 8.40

கூடாரத்துக்கு ஒரே வாசல், மேற்கே. இரண்டு கதவு, நடுவே ஒரு ஆள் நிற்கும் குளியல் அறை. ஒரு கதவு மூடாமல் மற்றது திறக்கக் கூடாது. இந்தத் திட்டத்தின் உயிரே அந்த ஒரு விதிதான்.

திரவியம் இணைப்பில் வந்தார். "சார், ஒரு சின்ன விசயம். பூமி பூஜைக்குக் கோமாதா மொதல்ல ஆலைக்குள்ள போவணும்லா. மாடு அந்தச் சின்ன ரூமுக்குள்ள கொள்ளல. ரெண்டு கதவையும் ஒரு அஞ்சு நிமிசம் தொறந்து வைக்கோம்."

கூடாது என்று கத்தினேன். கேமராவில் பார்க்கிறேன். வெளிக்கதவுக்கு ஒரு செங்கல் முட்டுக் கொடுத்தார்கள். பூட்டை உடைத்து உள்கதவுக்கு இன்னொன்று. செங்கல்லுக்கும் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்திருக்கிறார்கள். அபாய மணி அலறுகிறது. பூஜை என்பதால் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு வருகிறார்கள்.

"மணிச் சத்தம் நல்ல சகுனந்தான் சார். அது பாட்டுக்கு அடிக்கட்டும்."

காலை 9.15

உடையை மாட்டிக்கொண்டு இறங்கி ஓடினேன். உள்கதவுச் செங்கல்லை உருவும்போது மாடு என்னைப் பார்த்துவிட்டது. முழு மஞ்சள் உடை, கண்ணாடித் தலை. மாடு மிரளாமல் என்ன செய்யும். கயிற்றை அறுத்துக்கொண்டு ஆலைக் கூடத்துக்குள் பாய்ந்தது. காய்ந்த வெள்ளையன்மேல் அந்தக் கோடிவரை ஓடித் திரும்பியது. வெண்புகை. மேற்கு வாசலில் புகுந்த காற்று புகையை அள்ளிக்கொண்டு போய்க் கிழக்குத் துணியைக் கிழித்தது. என் கண்ணெதிரே.

நான்கு பேர் என்னை மரியாதையாகப் பிடித்து அறையில் விட்டார்கள். மாட்டை மிரட்டியது நான் என்று எல்லோருக்கும் கோபம்.

"மாடு உள்ள போயி சாணியும் போட்டுட்டு வந்துட்டு சார். இதுக்கு மேல என்ன சுத்தம் வேணும்?"

காலை 9.50

கிழக்கு வேலியில் இருக்கும் தூசி அளக்கும் கருவி முட்டி நிற்கிறது. அதற்கு மேல் எண் இல்லை.

ஒலிபெருக்கியில் கத்தினேன். திரவியம் அந்த இணைப்பைத் துண்டித்துவிட்டார். மருத்துவத் துறைக்கு அனுப்பிய செய்திக்கு, இன்று விழா விடுமுறை என்று பதில். பந்தல் கிழக்கே. ஊரே அங்கே உட்கார்ந்திருக்கிறது. சர்க்கரைப் பொங்கல் விளம்புகிறார்கள். யாரும் இருமவில்லை. இருமினால்கூட எழுந்து ஓடுவார்கள். இருமவே மாட்டேன் என்கிறார்கள், பாவிகள்.

இசக்கியின் கைபேசி இணைப்பு மட்டும் இருக்கிறது. ஓடு என்றேன். சீட்டு எடுக்கப் போகிறார்கள், ஒரு நிமிடம் என்றாள்.

காலை 10.30

"அண்ணாச்சி, விழுந்துட்டு. எனக்குத்தான் மொதச் சீட்டு. கூடாரத்துக்கு நேர் கெழக்க, நல்ல காத்தோட்டமான எடம். பிள்ளைக்கு ஒண்ணுந் தெரியல, தோள்ல கெடந்து வாயத் தொறந்துட்டு ஒறங்குதா. காத்து சில்லுன்னு இருக்குல்லா. கேக்கீகளா அண்ணாச்சி?"

கேட்கிறது.

என் அறையில் இன்னும் கொஞ்ச நேரத்துக்கு நல்ல காற்று இருக்கிறது. செங்கரட்டில் வேறு எங்கும் இல்லை. நெஞ்சுக்குள் போனது திரும்பாது. இனி ஓடச் சொல்லி என்ன, உட்காரச் சொல்லி என்ன. அவள் இவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

சந்தோஷம் தாயி என்றேன்.

"வாசல எந்தப் பக்கம் வைக்கலாம் அண்ணாச்சி? நீங்க படிச்சவுக, நீங்க சொல்லுங்க."

கிழக்கே வை என்றேன். மேற்கே ஜன்னல்கூட வேண்டாம் என்றேன்.

"அதான் எங்க அத்தையும் சொல்லுதாவ. கெழக்குதான் ராசியாம்."