பனியில் நைலான் உடுப்பு

மாசி, சனிக்கிழமை இரவு. கோடைக்கு முன்பே ஊர்க் கண்மாய் வற்றிப்போன வருஷம். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

என் தங்கை பேச்சியின் மகன் கண்ணன் பட்டாளத்தில் சேர்ந்து, காஷ்மீரில் பனிச்சறுக்கு கற்றவன். இன்று வெளிநாட்டில் பனிக்காலப் போட்டியில் நம் நாட்டுக்காக இறங்கினான். நம் அணியே ஒரு காருக்குள் அடங்கிவிடும். காலையில் போனில் அவனுடைய நைலான் உடுப்பைப் பார்த்ததும் பேச்சி பதறிவிட்டாள். பட்டாசு மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவள் அவள். நைலான் உரசினால் பொறி பறக்கும் என்று அங்கே பருத்திதான் உடுத்த வேண்டும்.

"உள்ளயாவது பருத்தி போடுலே."

"இங்கன பருத்தி போட்டா வேர்வையில நனைஞ்சு வெறைச்சிருவேன்மா. ஒங்க கம்பெனிச் சட்டம் பனியில செல்லாது."

டிவி போட்டதும் அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அவன் ஒரு வளைவில் தடுமாறினான், விழவில்லை.

"வந்துட்டாம் பேச்சி. கடைசியாத்தான்" என்றேன்.

"கடைசின்னா என்னண்ணே, முழுசா வந்துட்டாம்லா" என்று சிரித்துக்கொண்டே வந்தாள்.

மருந்து கலக்கும் அந்த அறையில் அவளோடு வேலை பார்த்த முத்துலட்சுமியும் கருப்பாயியும் சங்கரனும் ஒரே விபத்தில் போனார்கள். இன்றைக்கு இருப்பது பேச்சி ஒருத்திதான்.