சாரா பீவியின் கட்டைவிரல்

உறையூர்,
14-7-1963, ஞாயிறு பகல்.

அன்புத் தங்கை பவுனுக்கு, அக்கா மாரியாயி எழுதுவது.

நலம் கேட்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதலில் நான் கவனித்தது ஒரு கட்டைவிரலை. விரலைக்கூட இல்லை, காகிதத்தில் ஊதா மையில் பதிந்த அதன் ரேகையை. பக்கத்தில் சாரா பீவி, குத்புதீன் மனைவி என்று எழுதியிருந்தது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

அம்மா நன்றாக இருக்கிறாள். தறிக்காரர் வீட்டுக்கு நூல் சுற்றப் போகிறாள். முழங்கால் வலிக்குத் தைலம் தடவுகிறேன். காவிரியில் புதுத்தண்ணீர் வந்துவிட்டது. பஸ் பாலத்தில் போகும்போது எல்லோரும் ஒரு பக்கமாக எட்டிப் பார்க்க, கண்டக்டர் “பஸ்ஸைக் கவுக்கப் போறீங்களா?” என்று தினமும் திட்டுகிறார். ஆடிப்பெருக்குக்கு நீ இருக்கும் இல்லத்தில் லீவு விடுவார்களா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

என் புது வேலையைப் பற்றி முன்பே எழுதினேன். உன் கார்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாததால் மறுபடி சொல்கிறேன். மோதிரக் கல் பட்டை தீட்டும் வேலையை விட்டுவிட்டேன். இப்போது ஸ்ரீரங்கத்தில் டோரதி அம்மா என்கிற மாதர் நல அதிகாரியிடம் நகல் எழுதுகிறேன். உன்னைப் பற்றி விசாரிக்கத்தான் அங்கே போனேன். போய் நின்றதும் வாய் வரவில்லை. நான் எழுதிக்கொண்டு போயிருந்த மனுவை வாங்கிப் பார்த்தவர், கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறதே, நாளையிலிருந்து வா என்றார். மனுவை மேசை இழுப்பறையில் வைத்தார். ஏழு மாதம் ஆகிறது. அது அங்கேயே இருக்கிறது. நானும் இன்னும் கேட்கவில்லை.

டோரதி அம்மா நல்லவர். ஒரே வீட்டில் ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்குக் காசநோய், சமைக்க அரிசி இல்லை என்றால் அந்த வீட்டுக்கு நாலைந்து ஆபீசிலிருந்து ஆள் வருகிறார்கள். ஒருவர் வந்தது மற்றவருக்குத் தெரியாது. டாக்டர் சீட்டு இல்லாமல் அரிசி இல்லை என்பார் ஒருவர். அரிசி அட்டை இல்லாமல் மருந்து இல்லை என்பார் இன்னொருவர். டோரதி அம்மா எல்லா ஆபீஸ் காகிதங்களையும் வாங்கி, வீட்டுக்கு ஒரு கட்டாகச் சேர்த்து மேலே அனுப்புகிறார். காட்டூர் அம்மாசிக் கிழவருக்கு இரண்டு வருஷமாகக் கிடைக்காத மருந்தும் அரிசியும் ஒரே நாளில் கிடைத்தன. அவர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டார். காகிதங்களைத் தேதி வாரியாக அடுக்கி நகல் எடுப்பது என் வேலை.

அப்படித்தான் சாரா பீவி கட்டு என் கைக்கு வந்தது. புருஷன் குத்புதீன் காசநோய் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வீட்டில் இரண்டு பெண்கள், சின்னவளுக்கு அம்மையில் பார்வை போய்விட்டது. அரிசி, மருந்து, பால்மாவு, கண் சிகிச்சை, ஆஸ்பத்திரிப் படுக்கை என்று ஐந்து காகிதம், ஐந்து கைநாட்டு. முதல் இரண்டும் பெரிய கட்டைவிரல். மூன்றாவது சட்டென்று சிறுத்திருந்தது. நான்காவது அதைவிடக் கடுகளவு பெரிது. ஐந்தாவது இன்னும் கடுகளவு.

கல் தீட்டிய கண் என்பதால் எனக்கு அளவு தப்பாது. பவுனு, நாற்பது வயதுப் பெண்ணின் விரல் சிறுத்துவிட்டு, பிறகு வளருமா? ஐந்தையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கப் பார்க்க, அந்த விரல் காகிதத்துக்குள்ளேயே வளர்ந்துகொண்டிருப்பது போல இருந்தது. சட்டென்று கட்டை மூடினேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஏழு மாதமாக வாய் திறக்காதவள் அன்றைக்குத் திறந்தேன். டோரதி அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “உனக்கு இருக்கறது கண்ணா, பூதக்கண்ணாடியா?” என்று என் தோளில் தட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு அவர் முகம் மாறியது. அது கோஷா வீடு, ஆண் அதிகாரிகள் திரையைத் தொட மாட்டார்கள், நீ பெண்பிள்ளை, உள்ளே போய் அந்த அம்மாவை நேரில் பார்த்துப் புதிதாகக் கைநாட்டு வாங்கி வா என்றார். பெரியவர் யாரும் இல்லையென்று தெரிந்தால் சின்னவளை வெளியூர்ப் பார்வையற்றோர் இல்லத்துக்கும், பெரியவளை வேறு இல்லத்துக்கும் எழுத வேண்டியிருக்கும், அது அவர்கள் பாதுகாப்புக்குத்தான் என்றும் சொன்னார்.

நேற்றுக் காலை போனேன். மெயின்கார்டு கேட்டில் இறங்கி நடந்தால் பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரு குறுகலான சந்து. யாரிடமும் வழி கேட்க எனக்கு வாய் வராது, உனக்குத் தெரியும். ஆனால் சந்துக்குள் திரும்பியதுமே, நான் கேட்காமலே, குழாயடியில் நின்ற பெண் கை நீட்டிக் காட்டினாள். மாடி ஜன்னலிலிருந்து இன்னொரு கை அதே பக்கம் காட்டியது. பீடி சுற்றிக்கொண்டிருந்த ஜெகபர் சாதிக் என்ற பெரியவர், என் கையிலிருந்த கட்டைப் பார்த்துவிட்டு, “ஆபீஸ் பொண்ணா? சாரா பீவி உள்ளதான் இருக்காங்க. எங்க போயிடப் போறாங்க?” என்றார். வேடிக்கையாகச் சொன்னது போல இருந்தது. சந்தில் ஒருவரும் சிரிக்கவில்லை.

வாசலில் பெண்கள் போடும் பெரிய செருப்பு ஒரு ஜோடி, ஒழுங்காகச் சேர்த்து வைத்திருந்தது. ஒரு செருப்பிலிருந்து மற்றதற்குச் சிலந்தி நூல் கட்டியிருந்தது.

பச்சைத் திரைக்குப் பின்னாலிருந்து கரகரத்த குரல் வந்தது. “யாரு, டோரதி அம்மா ஆளா? காகிதத்தைத் திரை ஓரமா நீட்டும்மா. எனக்கு மார்ச்சளி, வெளிய வர முடியல.” பிறகு மூன்று இருமல். காகிதத்தை நீட்டினேன். திரையின் ஓரத்திலிருந்து ஒரு கை நீண்டது. வளையல்கள் பெரியவை, கழன்று விழாமல் இருக்க நூலால் கட்டியிருந்தன.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. திரையைத் தூக்கிவிட்டேன்.

கவிழ்த்த மரப்பெட்டி மேல் பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி நின்றாள். கை மட்டும் இன்னும் நீட்டியபடி இருந்தது. உதட்டை இறுக மூடியிருந்தாள். அப்போதும் அந்தக் குரல் பேசியது: “வெயில்ல வந்திருக்கியே, தண்ணி குடிக்கிறியாம்மா?”

மூலையில் பாயில் எட்டு வயதுக் குழந்தை, கண் இரண்டும் வெள்ளையாக, கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் வாய்தான் அசைந்தது.

பெரியவள் பெயர் வஹீதா. பெட்டியிலிருந்து இறங்கி என் காலைப் பிடிக்க வந்தாள். நான் தடுத்தேன். “அக்கா, எங்கம்மா மவுத்தாயி ரெண்டு வருஷம் ஆச்சு. அத்தா ஆஸ்பத்திரில இருந்து வர இன்னும் எட்டு மாசம் இருக்கு. அவங்களுக்குச் சொல்லல. தெரிஞ்சா பாதி வைத்தியத்துல எந்திரிச்சு வந்துடுவாங்க. அதுவரைக்கும் எங்களைப் பிரிச்சுடாதீங்க” என்றாள். சந்து முழுவதற்கும் தெரியுமாம். நகராட்சியில் சாவை எழுதிக்கூட இருக்கிறார்களாம். அந்தப் புத்தகத்தை எந்த ஆபீசும் கேட்டதில்லை.

குரலைப் பற்றிக் கேட்டேன். யார் சொல்லிக் கொடுத்தது என்றேன். யாரும் இல்லை என்றாள். அம்மாவை அடக்கம் செய்த மறுநாள் தங்கைக்கு அந்தக் குரல் தானாக வந்ததாம். “ஆபீஸ்காரங்க இல்லாதப்பவும் பேசுவாக்கா. வஹீதா, தலையைச் சீவிக்கோ, அடுப்பைப் பாருன்னு சொல்லும். முதல்ல பயந்தேன். இப்ப நானும் சரிம்மான்னு சொல்லிடுறேன்.”

பிறகு அவள் ஒன்று கேட்டாள். நானும் அந்த ஆபீஸ்தானே, இல்லத்துக்குப் போகிற பிள்ளைகள் அங்கே எப்படி இருப்பார்கள் என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை, பவுனு. நாலு வருஷமாக ஒரு தங்கையை அங்கே வைத்திருந்தும் தெரியவில்லை.

நான் எழுந்தபோது குழந்தை என் கையைத் தேடிப் பிடித்தாள். கட்டைவிரலை மெல்லத் தடவிப் பார்த்தாள். அந்தக் குரலிலேயே சொன்னாள்: “இது பெரிய கை. என் கை மாதிரியே இருக்கு.”

கைநாட்டு வாங்காமல் வந்துவிட்டேன். காகிதம் இதோ என் முன்னால் இருக்கிறது. நாளை பத்து மணிக்கு டோரதி அம்மா கேட்பார். உள்ளதைச் சொன்னால் பிரித்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் அந்தக் குழந்தை படிக்காமல், அந்தப் பாயிலேயே, செத்துப்போன ஒருத்தியின் குரலில் பேசிக்கொண்டு கிடப்பாள். எது நல்லது என்று உன்னைத் தவிர யாரைக் கேட்பேன்?

இல்லத்துக்கு அனுப்பினால் உன் கால் சரியாகும், படிப்பும் கிடைக்கும் என்று ஓர் அதிகாரி சொன்னார். அன்றைக்கு அம்மாவின் விரலில் மை தடவி, எங்கே வைக்க வேண்டும் என்று காட்டியவள் நான்தான். உனக்கு அது தெரியுமா என்று எனக்குத் தெரியாது. முதல் மூன்று வருஷம் நீயே எழுதினாய். வரி மேலே ஏறும், கீழே இறங்கும், ஓரத்தில் ஒரு கோழி படம் இருக்கும். போன வருஷம் ஆடியிலிருந்து வரும் கார்டுகளில் வரி நேராக இருக்கிறது. நான் நலம், உணவு நன்றாக உள்ளது, கவலை வேண்டாம். பதினொரு கார்டிலும் இதே மூன்று வரிதான். அந்தக் கையெழுத்து உன்னுடையது இல்லை. நான் அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாததால், நானே இல்லாததையும் சேர்த்துப் படிக்கிறேன். நீ தோசை கேட்டாய், கால் கொஞ்சம் தேறியிருக்கிறது, மழையில் நனைந்தாய் என்று. படிக்கும்போது என்னை அறியாமல் உன்னைப் போலவே இழுத்து இழுத்துப் பேசுகிறேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள். போன மாதம், “சரி பவுனு” என்று பதில் சொன்னாள்.

இதோடு விலாசம் எழுதிய கார்டு ஒன்று வைத்திருக்கிறேன். எழுத முடியாவிட்டால் பரவாயில்லை. உன் இடது கட்டைவிரலை மட்டும் அதில் வைத்து அனுப்பு. தேங்காய் கீறும்போது பட்ட பிறை வடுவை நான் தேடிப் பார்த்துக்கொள்வேன். நாலு வருஷத்தில் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்றும் தெரியும். இதைப் படிப்பவர் வேறு யாராவதாக இருந்தால், தயவுசெய்து உங்கள் விரலை வைக்காதீர்கள்.

சமயபுரத்தாள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அக்கா,
மாரியாயி.

பி.கு. கடிதத்தின் மூலையில் ஊதாக் கறை பட்டுவிட்டது, பொறுத்துக்கொள். மேலே உள்ளதை எழுதி முடித்ததும் மைத்தட்டைத் திறந்தேன். சாரா பீவியின் பெயருக்குப் பக்கத்தில் என் இடது கட்டைவிரலை வைத்தேன்.