பண்டிகை நாளில் குளோரின் அறையில் ஒருவர்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்
(சென்ற ஆண்டு பண்டிகை நாளில் பணியில் இருந்தபோது வாயுக் கசிவுக்கு ஆளாகிப் பின் இறந்த குளோரின் அறைப் பணியாளரின் தந்தை),
மாடி வீடு, நீர்த்தொட்டிக்குப் பின் தெரு.

பெறுநர்:
தலைமைப் பொறியாளர் அவர்கள்,
குடிநீர் வழங்கல் துறை,
தலைமை அலுவலகம்.

பொருள்: மத நம்பிக்கை இல்லாத பணியாளர்களைப் பண்டிகை நாட்களில் நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தனியே விட்டுவைக்கும் வழக்கத்தை நிறுத்தக் கோரியும், என் மகளின் இறப்பு குறித்த விசாரணை அறிக்கையில் உள்ள ஒரு வாக்கியத்தை நீக்கக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் பணியில் இருந்த காலத்தில், பண்டிகை விடுமுறைக்கு முந்தின நாள், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து நின்று என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "சார், உங்களுக்குத்தான் சாமி கிடையாதே, அப்புறம் லீவு மட்டும் எதுக்கு எடுத்துக்கறீங்க?" வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். "உனக்குக் கணக்கே வராது. ஆனா சாயங்காலம் மணி அடிச்சா நீயும்தானே வீட்டுக்குப் போற?" என்றேன். படித்தவருக்கும் படிக்காதவருக்கும் சேர்த்துத்தான் மணி அடிக்கிறது, ஏனெனில் வீடு எல்லாருக்கும் இருக்கிறது என்று விளக்கினேன். அந்தப் பெண் சரியென்று உட்கார்ந்துவிட்டாள். அதே விளக்கத்தைத் தங்களிடமும் சொல்ல வேண்டிய நிலையில் இப்போது இருக்கிறேன். சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

2. என் மகள் தங்கள் துறையின் சுத்திகரிப்பு நிலையத்தில், குடிநீரில் குளோரின் கலக்கும் அறையில் வேலை பார்த்தாள். தங்களுக்குத் தெரியாதது அல்ல. ஆயினும் இம்மனு வேறு மேசைகளுக்கும் போகக்கூடும் என்பதால் சொல்கிறேன். அந்த அறையில் வாயு உருளை தீர்ந்தால் அதைக் கழற்றிப் புதியதை மாட்ட வேண்டும். அதற்கு எப்போதும் இருவர் வேண்டும். ஒருவர் சுவாசக் கவசம் அணிந்து உள்ளே போவார். மற்றவர் வெளியே நின்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். உள்ளே இருப்பவர் தள்ளாடினால் இழுத்து வெளியே கொண்டுவருவதுதான் அவருடைய வேலை. 'தனியாக உள்ளே செல்லாதீர்' என்று கதவிலேயே சிவப்பு எழுத்தில் பலகை இருக்கிறது.

3. எங்கள் வீட்டில் யாருக்கும் கடவுள் நம்பிக்கை இல்லை. என் மகள் பணியில் சேர்ந்தபோது படிவத்தில் மதம் என்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டாள். முதல் ஆண்டு பண்டிகைக்கு யார் பணிக்கு வருவது என்று சக பணியாளர்கள் திண்டாடியபோது, "நான் வரேன் அண்ணா, நீங்க எல்லாரும் வீட்ல இருங்க" என்று அவளே சொன்னாள். நல்ல மனதோடு சொன்னாள். அதை நான் மறுக்கவில்லை.

4. இங்கே ஓர் எடுத்துக்காட்டு. ஆசிரியராக இருந்தவன் என்பதால் பொறுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். என் வகுப்பில் ஒரு பெண் ஒருநாள் தானாக எழுந்து கரும்பலகையைத் துடைத்தாள். மறுநாளும் துடைத்தாள். சில வாரம் கழித்து அவள் காய்ச்சலில் வராதபோது பலகை அப்படியே கிடந்தது. ஏன் என்று கேட்டேன். "அது அவ வேலை சார்" என்று வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் சொன்னது. ஒருவரும் பொய் சொல்லவில்லை. அதை அவள் வேலையாக்கியது யார் என்று கேட்டால் அவர்களுக்குப் பதில் தெரிந்திருக்காது. அவ்வளவுதான்.

5. அதன்பின் எந்த மதத்தின் பண்டிகை வந்தாலும் பணிப் பட்டியலில் என் மகள் பெயர் இருந்தது. நிலையத்தில் அவளுக்குப் 'பண்டிகைக்காரி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். "பண்டிகைக்காரி இருக்கா, நமக்கென்ன கவலை" என்பது அங்கே வழக்கமான பேச்சு. அவளும் சிரித்துக்கொள்வாள். கெட்ட மனிதர்கள் அல்லர், ஐயா. மறுநாள் டிபன் பாக்ஸ் நிறைய அவளுக்குப் பலகாரம் கொண்டுவருவார்கள். அதை அவள் எங்களுக்கும் கொண்டுவந்து கொடுப்பாள்.

6. அவளுக்குக் குழந்தை பிறந்து, அந்தக் குழந்தை பள்ளிக்குப் போகத் தொடங்கியபின் ஒரு பண்டிகைக்கு விடுப்புக் கேட்டாள். கேட்டது அந்த ஒரே முறைதான். மேற்பார்வையாளர் அவளிடம் சொன்னதை அன்று மாலையே எங்களிடம் சொல்லிக்காட்டினாள்: "உனக்கு எதுக்கும்மா லீவு? நீதான் எதையும் கும்புடறது இல்லையே. வீட்ல உக்காந்து என்ன பண்ணப் போற?" அவள் புதுச் சேலையில் வந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "சாமி வேணாம், புதுத்துணி மட்டும் வேணுமாக்கும்" என்றும் சொல்லியிருக்கிறார். எங்களிடம் சொல்லிவிட்டு, "தெரியுமாப்பா, கும்புடறவங்களுக்கு மட்டும்தான் பசிக்குமாம்" என்றாள். அன்று எல்லாரும் சிரித்தோம். அந்த வாசகம் இப்போது எங்கள் வீட்டில் யாராலும் சொல்ல முடியாததாக இருக்கிறது.

7. மேற்பார்வையாளரின் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இப்போது நான் சொல்கிறேன். நாங்கள் வீட்டில் உட்கார்ந்து செய்தது இதுதான்: முந்தின நாள் ஜன்னல் எல்லாம் துடைப்போம். குழந்தைக்குப் புதுத்துணி எடுப்போம். மகனும் மருமகளும் வெளியூரிலிருந்து வருவார்கள். அலுவலகம், பள்ளி, கடை எல்லாம் ஒரே நாளில் மூடியிருக்கும் என்பதால் அன்று ஒருநாள்தான் அவர்களால் வர முடியும். பக்கத்து வீட்டு அம்மா கொடுத்தனுப்பும் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தர மாட்டோம். மதியம் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். பூசை மட்டும் கிடையாது. நம்பிக்கை இல்லாதவர் பண்டிகை கொண்டாடலாமா, அது போலித்தனம் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் தரப்பிலேயே உண்டு. என் நண்பர் ஒருவர் அன்று வேண்டுமென்றே பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பார். அவர் உரிமை. நான் அறிந்தவரை, அந்த நாளை உண்டாக்கியது மதமாக இருக்கலாம். அந்த நாளில் வீடு திரும்புகிறவர்களை மதம் உண்டாக்கவில்லை. அவர்கள் எங்கள் பிள்ளைகள்.

8. சென்ற ஆண்டு அந்த நாளில் நடந்ததைத் தங்கள் விசாரணை அறிக்கை சரியாகவே சொல்கிறது. அன்று பணியில் இருக்க வேண்டிய இரண்டாமவர் பம்ப் ஆப்பரேட்டர். அவர் வீட்டில் பூசைக்குக் காத்திருந்தார்கள். "நீங்க கிளம்புங்க அண்ணா, புள்ளைங்க சாப்பிடாம உக்காந்திருக்கும்" என்று என் மகள்தான் அவரை அனுப்பினாள். காலையில் ஊரே குளித்து, வீடு கழுவி, சமைத்ததால் தண்ணீர் வழக்கத்தைவிட வேகமாக ஓடியிருக்கிறது. உருளையும் எதிர்பார்த்ததைவிட முன்பே தீர்ந்துவிட்டது. மாற்று ஆள் வரும்வரை அவள் காத்திருக்கலாம். காத்திருந்தால் ஊர் முழுக்கச் சுத்தம் செய்யாத தண்ணீர் போயிருக்கும், அதுவும் எல்லா வீட்டிலும் விருந்தாளிகள் இருக்கும் நாளில். அவள் கவசத்தை மாட்டிக்கொண்டு தனியாக உள்ளே போனாள். இணைப்புக் குழாயில் கசிவு ஏற்பட்டது. கவசத்தின் வார் பழையது என்று அறிக்கையே சொல்கிறது. கண்ணாடிக்கு வெளியே யாரும் இல்லை.

9. நாங்கள் அந்த நேரத்தில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துகொண்டிருந்தோம். பிற்பகலில் அவள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். பேத்தி தன் தட்டுக்குப் பக்கத்தில் அம்மாவுக்கு ஒரு தட்டு வைத்திருந்தாள். தாமதமாகிறதே என்று நான் குளோரின் அறையின் தொலைபேசிக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, பிறகு தானாக நின்றது. "வேலையா இருப்பா, நீங்க சாப்பிடுங்க" என்று நான்தான் எல்லாரிடமும் சொன்னேன். வாடை வாசல்வரை வந்தபிறகுதான் காவலாளி ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறார். மருத்துவமனையில் சில நாள் உயிர் இருந்தது. பேச்சு இல்லை.

10. அறிக்கையின் ஐந்தாம் பத்தியில் ஒரு வாக்கியம் இருக்கிறது: "இறந்த பணியாளர் பண்டிகை கொண்டாடும் வழக்கம் இல்லாதவராதலால், தாமே விரும்பித் தனிப்பணி ஏற்றுக்கொண்டார்." ஐயா, இதில் இரண்டு செய்திகள் உள்ளன. அவள் விரும்பிப் பம்ப் ஆப்பரேட்டரை அனுப்பினாள் என்பது உண்மை. ஆனால் 'ஆதலால்' என்று முன்னே எழுதியிருப்பது உண்மையல்ல. அவளுக்குக் கொண்டாட வீடு இருந்தது. தட்டு வைத்துக் காத்திருந்த குழந்தை இருந்தது. நம்பிக்கை இல்லை என்பதற்காக ஒருவருக்குப் போக இடமும் இல்லை என்று துறை முடிவு செய்துவிட்டது. ஆகவே இரண்டு பேர் நிற்க வேண்டிய இடத்தில் ஒருவர் நின்றது யாருக்கும் தவறாகத் தெரியவில்லை. இறந்தபின்னும் அதையே காரணமாக எழுதியிருக்கிறார்கள்.

11. பம்ப் ஆப்பரேட்டர் மேல் எனக்குப் புகார் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். அவர் வாரம் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருகிறார். உள்ளே வரச் சொன்னால் வராமல் படியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். "இனிமே எங்க வீட்லயும் பண்டிகை இல்ல சார்" என்று சென்ற மாதம் சொன்னார். அப்படிச் செய்யாதீர்கள், உங்கள் பிள்ளைகள் என்ன தவறு செய்தார்கள் என்று சொல்லி அனுப்பினேன். அவர் கொண்டாட வேண்டும் என்றுதானே என் மகள் அவரை அனுப்பினாள்.

12. இப்போது இம்மனுவின் அவசரத்துக்கு வருகிறேன். என் மகளின் இடத்தில் புதிதாக ஓர் இளைஞர் சேர்ந்திருக்கிறார். அவரும் மதம் எழுதாதவர். அவர் மனைவி நிறைமாதமாக இருக்கிறார். வருகிற பண்டிகை நாளின் பணிப் பட்டியலில் குளோரின் அறைக்கு அவர் பெயர் மட்டும் இருக்கிறது. 'பண்டிகைக்காரர்' என்று அவரைக் கூப்பிடவும் தொடங்கிவிட்டார்களாம். வேண்டுமென்று கூப்பிடவில்லை, வாயில் வந்துவிடுகிறது. அவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். "சார், பேசாம ஒரு மதத்த எழுதிக் குடுத்துடலாம்னு பாக்கறேன்" என்றார். எந்த மதம் என்று கேட்டேன். "எதுல லீவு அதிகமோ அது" என்றார். இருவரும் சிரித்தோம். அவர் எழுந்து போகும்போது என் மகளின் படத்தைப் பார்க்காமலே போனார்.

13. எனவே தங்களிடம் நான் வேண்டுவது: பண்டிகை நாளிலும் குளோரின் அறையில் இருவர் இருக்க வேண்டும், ஒருவர் கிளம்பினால் மற்றொருவர் வந்தபிறகே கிளம்ப வேண்டும். பண்டிகைப் பணி எல்லாருக்கும் முறை வைத்து வரட்டும். மதம் எழுதியவர், எழுதாதவர் என்று பார்க்க வேண்டாம். கவசங்களை மாற்றித் தாருங்கள். ஐந்தாம் பத்தியில் அந்த வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். என் பேத்தி இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். என்றாவது அந்த அறிக்கையை அவள் படிப்பாள். தன் அம்மாவுக்குப் பண்டிகை இல்லை என்று அதில் இருந்தால், தான் வைத்த தட்டு எதற்கு என்று அவள் என்னைக் கேட்பாள்.

14. இவற்றுக்கெல்லாம் கோப்பு நகர வேண்டும், காலம் ஆகும் என்பதை அறிவேன். பண்டிகையோ அடுத்த வாரம் வந்துவிடும். ஆகவே இப்போதைக்குத் தங்களால் தனியாகவே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். பண்டிகையன்று மதியம், தங்கள் வீட்டில் எல்லாரும் சாப்பிட உட்காரும் நேரத்தில், குளோரின் அறைக்குத் தொலைபேசியில் அழையுங்கள். யாராவது எடுத்தால், "உங்களோட இன்னொருத்தர் இருக்காரா?" என்று மட்டும் கேளுங்கள்.

இடம்: என் வீட்டு முன்னறை
நாள்: பண்டிகைக்கு முந்தின வாரம், திங்கட்கிழமை

பணிவுடன்,
(கையொப்பம்)
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்