பச்சைக்கல் அறுத்த கோடை

அக்கா,

நேற்று மத்தியானம் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ் நின்றுவிட்டது. அரை மணி நேரமாவது ஆகும் என்றார் நடத்துனர். பாதிப் பேர் இறங்கினார்கள், நானும் இறங்கினேன். ரோட்டோரம் ஒரு வீட்டு வாசலில் இரண்டு ஆட்கள் களிமண்ணில் உமியைக் கொட்டி மிதித்துக்கொண்டிருந்தார்கள். அடுப்பு போடவோ, கொட்டகைக்குச் சுவர் வைக்கவோ தெரியவில்லை. ஈர மண்ணும் உமியும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கேட் திறப்பதற்குள் அந்த வீட்டுக்கும் பஸ்ஸுக்குமாக நாலைந்து தடவை நடந்துவிட்டேன். "என்னம்மா, அவசரமா போகணுமா?" என்று நடத்துனர் கேட்டார். அவசரம் ஒன்றுமில்லை. நீ போய் நாலு மாதம் ஆகிறது. உன்னிடம் சொல்லவேண்டியது ஒன்று என்னிடம் தங்கிப்போயிருக்கிறது. அதுதான் நடக்க வைத்தது.

என் மகள் போன வாரம் போனில் அழாத குறையாகப் பேசினாள். "ரெண்டு மாசம் லீவும்மா. இதுங்க ரெண்டையும் வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்? எந்த வகுப்புல சேக்கலாம்னு போனாலும் நம்மளால கட்ட முடியாத பணம் கேக்குறான்." எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்குத் தெரிந்து, லீவில் பிள்ளைகளைக் கட்டி மேய்க்கும் இந்த வேலையை நீதான் செய்தாய். கையில் காலணா இல்லாமல் செய்தாய்.

அப்பா ஜெயிலுக்குப் போன அந்த வருஷம், நம் தெருவார் அறுவடைக் கூலி கூடுதலாகக் கேட்டதற்குப் பண்ணையில் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். களத்து மேட்டில் கைகலப்பானது. அப்பாவோடு நாலு பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். வாய்தா மேல் வாய்தா, ஜாமீன் கிடைக்கவில்லை. சித்திரை பிறந்தபோது ஆற்றில் மணல்தான் இருந்தது, வயலில் வெடிப்புதான் இருந்தது. தண்ணீர் திறக்கும் வரை ஒருத்தருக்கும் வேலை கிடையாது. அம்மா கோடியக்கரைப் பக்கம் உப்பளத்துக்குப் போனாள். புறப்படும்போது உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "அரிசி பத்தாட்டி பரவால்ல. செல்வராச மட்டும் சும்மா இருக்க வுட்றாத."

செல்வராசு அண்ணனுக்கு அப்போது பதினாறு வயது. பள்ளிக்கூடம் மூடியிருந்தது. அப்பா கையில் விலங்கு மாட்டியதைக் கண்ணால் பார்த்தவன். வீட்டுக்குள் நுழைவான், தண்ணீர் குடிப்பான், வெளியே போவான், திரும்ப நுழைவான். உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். எனக்குப் பதிமூன்று. நானும் ஒன்றும் சாது இல்லை.

நீ எங்களுக்கு வேலை கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டே இருந்தாய். கூரையில் ஓட்டை அடைக்கச் சொன்னாய். அது ஒன்றரை நாளில் முடிந்தது. வற்றிய குளத்தில் விரால் பிடிக்க அனுப்பினாய். சேறு பூசிக்கொண்டு வந்து நின்று, "அடுத்து என்னா?" என்றான். டீக்கடைப் பழைய பேப்பரை வாங்கி வந்து, தெருவில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டச் சொன்னாய். அது பெரிய தப்பாகிவிட்டது. ஊர் ஊராக நடந்த தகராறுகளைத்தான் அவன் தேடித் தேடிப் படித்தான். குடியிருக்கிற மனையைக் குடியிருப்பவருக்கே கொடுக்கச் சட்டம் வரப்போகிறது என்று ஒருநாள் படித்துவிட்டு, "வர்ற வரைக்கும் இந்தப் பண்ணைக்காரன்கிட்ட மிதிபடணுமா?" என்று பேப்பரைக் கிழித்தான். அடுத்த நாளிலிருந்து நீ பேப்பர் வாங்கவில்லை. அவனுக்குக் கஞ்சி ஊற்றுவதைவிட வேலை கொடுப்பதுதான் உனக்குச் சிரமமாக இருந்தது.

சாயங்காலமானால் அவன் மதகடிக்குப் போவான். அங்கே கோவிந்தனும் இன்னும் ஐந்தாறு பையன்களும் கூடுவார்கள். கோவிந்தன் நம் எதிர்வீடு, அண்ணனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். "அவன் பின்னாலயே போ. என்னா பேசுறானுங்கன்னு கேட்டுட்டு வா" என்று என்னை அனுப்பினாய். எனக்கு அதில் ஒரு பெருமை. கோரைப் புல்லுக்குள் உட்கார்ந்து கேட்டேன். பண்ணையின் வைக்கோல் போர்களைக் கொளுத்தப் போவதாகப் பேசினார்கள். எந்த நாள் என்று முடிவாகவில்லை. ஓடி வந்து உன்னிடம் சொன்னேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த நீ கையை நிறுத்தவே இல்லை.

மறுநாள் விடிந்ததும், "நம்ம வீட்டுக்கு மண்சுவர் வைக்கப் போறோம்" என்றாய்.

அதுவரைக்கும் நம் வீடு கீற்றுத் தட்டிதான். மழைக்கு நனையும், நாய் நுழையும். அண்ணன் முதலில் நம்பவில்லை. நீ அச்சுப் பலகைக்குப் பழைய வண்டிச் சட்டத்தை எடுத்துக் கொடுத்தாய். ஆணி அடித்து அவனே அச்சு செய்தான். குளத்தில் களிமண் இருந்தது, அரிசி மில்லில் உமி சும்மா கிடைத்தது. மூன்று பேரும் மண்ணை மிதித்தோம். நான் மணல் தூவுவேன், அவன் அச்சில் மண்ணை அடித்துச் சூளையில் சுடாத பச்சைக்கல் அறுப்பான், நீ காய்ந்த பக்கத்தைப் புரட்டிப் போடுவாய். நாளுக்கு நூறு கல். நாலாம் நாள் அண்ணன் சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனான். நீ அவன் கையிலிருந்து தட்டை மெதுவாக வாங்கினாய். அப்போது உன் முகத்தில் தெரிந்த நிம்மதியை அதற்கு முன்போ பின்போ நான் பார்த்ததில்லை. மதகடிக்கு அவன் பத்து நாள் போகவில்லை.

சுவர் முழங்கால் உயரம் வந்தபோது பண்ணையை மேற்பார்வை பார்க்கும் காரியக்காரர் சைக்கிளில் வந்தார். பின்னால் இரண்டு ஆட்கள்.

"ஏ பொண்ணு, யாரக் கேட்டு இங்க சுவர் எழுப்புற?"

"நாங்க குடியிருக்கிற எடந்தானேய்யா."

"குடியிருக்கத்தான் வுட்டுருக்கு. மனை பண்ணையோடது. சட்டம் வருதுன்னு இப்பவே அஸ்திவாரம் போடுறீங்களா? தள்ளுங்கடா."

அண்ணன் மண்வெட்டியைத் தூக்கிவிட்டான். அது அவன் தலைக்கு மேலே நின்றது எனக்கு இன்னும் தெரிகிறது. அந்த ஆட்கள் ஓரடி பின்வாங்கினார்கள். தெருவே வாசலில் நின்று பார்த்தது.

நீ நடுவில் வந்து நின்றாய். "நீங்க யாரும் கை வைக்க வேணாம்யா. நானே எடுத்துடுறேன்" என்றாய். "மனை உங்களுதுன்னு சொல்றீங்க. கல்லு எங்களுது. ஒவ்வொண்ணா எடுத்துக்கிறேன்."

குனிந்து முதல் கல்லைப் பெயர்த்தாய். உடையாமல் தூக்கிக் கொண்டுபோய் வேப்பமரத்தடியில் வைத்தாய். திரும்பி வந்து அடுத்த கல். "உதைச்சித் தள்ளு, நேரமாவுது" என்றார் காரியக்காரர். நீ அவசரப்படவே இல்லை. "டேய் செல்வராசு, ஒரு கை புடி" என்றாய். அவன் அசையவில்லை. மண்வெட்டி மட்டும் மெல்லக் கீழே இறங்கியது. அதை உன் காலடியில் வீசிவிட்டு மதகுப் பக்கம் போனான். போகும்போது உன்னைப் பார்த்துச் சொன்னான், "நீயெல்லாம் அப்பாவுக்குப் பொறந்தியா?"

நீ கல் எடுத்துக்கொண்டே இருந்தாய். நானும் எடுத்தேன், உன்மேல் கொதிக்கும் ஆத்திரத்தோடு எடுத்தேன். வெயில் தாங்காமல் காரியக்காரர் பாதியிலேயே போய்விட்டார். அப்போதும் நீ நிறுத்தவில்லை. கடைசிக் கல்லை அடுக்கியபோது உன் விரல் நுனிகளில் தோல் இல்லை. ஒரு கல்கூட உடையவில்லை என்பதை நான் கவனிக்க ரொம்ப வருஷம் ஆனது. அன்றைக்கு எனக்கு நீ கோழையாகத்தான் தெரிந்தாய்.

மறுநாள் காலை அண்ணனிடம், "அம்மாவுக்கு உப்புத் தண்ணியில நின்னு நின்னு காலெல்லாம் புண்ணாயிருச்சாம். நடக்க முடியலையாம். ஆள் சொல்லி அனுப்பியிருக்கு. நீ போயி கூட இரு" என்றாய். ஆள் யாரும் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அவன் உன்னோடு பேசாமலே பஸ் ஏறினான்.

மூன்றாம் நாள் ராத்திரி பண்ணையின் வைக்கோல் போர்கள் எரிந்தன. விடிவதற்குள் போலீஸ் லாரி வந்தது. மதகடிப் பையன்கள் ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கோவிந்தனும் போனான். இரண்டு வருஷம் கழித்து அவன் திரும்பியபோது வலது கை முழுதாக மடங்கவில்லை. ஏர் பிடிக்க முடியாத கை.

அவனைப் பிடித்துக்கொண்டு போன அன்று சாயங்காலம் கோவிந்தனின் அம்மா நம் வாசலுக்கு வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "ஒனக்குத் தெரிஞ்சிருக்கு. ஒன் தம்பிய மட்டும் அனுப்பி வச்சிட்ட. எம் புள்ளைக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒனக்கு என்னாடி கொறஞ்சிருக்கும்?" என்றார். நீ உள்ளே வந்து, துலக்கி வைத்த பாத்திரங்களை எடுத்துத் திரும்பத் துலக்க ஆரம்பித்தாய்.

அதன் பிறகு நீ உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தண்ணீர் வந்தது, நடவு வந்தது, அப்பா வெளியே வந்தார், சட்டமும் வந்தது. மனைப் பட்டா நம் தெருவுக்குக் கிடைத்தபோது, கீற்று போட்டு மூடி வைத்திருந்த கல்லையெல்லாம் நீ எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனாய். "மொதல்ல அங்க" என்றாய். அண்ணன்தான் அந்தச் சுவரை எழுப்பினான். கோவிந்தனின் அம்மா சுவரை ஏற்றுக்கொண்டார். உன்னோடு பேசினாரா என்றால், கடைசி வரை முழுதாகப் பேசவில்லை.

உனக்குக் கல்யாணம் ஆனது, பிள்ளைகள் வந்தன, நான் நர்ஸ் வேலைக்குப் போனேன், அண்ணன் கூட்டுறவு சொசைட்டியில் சேர்ந்தான். எந்த விசேஷத்திலும் நீ பந்திக்கும் அடுப்புக்குமாக அலைந்துகொண்டிருப்பாய். "செத்த ஒக்காருக்கா" என்றால், "ஒக்காந்தா நெனப்பு வந்துரும்" என்பாய். ஒரே ஒரு தடவை, ஆஸ்பத்திரிக் கட்டிலில், "அவன ஏமாத்தி அனுப்பிட்டேன். அவனோட சேத்தாளிங்ககிட்டேர்ந்து அவனத் திருடிட்டேன்" என்றாய். மாத்திரை கொடுக்கிற சாக்கில் நான் பேச்சை மாற்றிவிட்டேன். நர்ஸுக்கு அது சுலபமாக வரும்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு அண்ணன் என்னைக் கூப்பிட்டான். வாழையடியில் நின்றுகொண்டு சொன்னான்.

"உப்பளத்துக்குப் போன ஒடனேயே தெரிஞ்சுபோச்சு. அம்மா காலு நல்லாத்தான் இருந்துச்சு. பானையத் தூக்கிக்கிட்டு எதிர்ல வருது. அக்கா பொய் சொல்லிருக்குன்னு புரிஞ்சுது. ஏன்னும் புரிஞ்சுது."

"அப்பறம்?"

"வந்த பஸ்ஸு திரும்பிப் போக நின்னுது. ஏறியிருக்கலாம். ஏறியிருந்தா கோவிந்தனையாவது தடுத்திருப்பேன், இல்ல கூடவாவது போயிருப்பேன். ஏறல. எனக்குப் பயமா இருந்துச்சு."

"இத அக்காகிட்ட சொன்னியாண்ணே?"

"எப்படிச் சொல்றது? அது என்னக் காப்பாத்துனதா நெனச்சிக்கிட்டு இருந்துச்சு. அதயும் எதுக்குக் கெடுக்கணும்?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ சொன்னதை நான் அவனுக்குச் சொன்னேன். எழுபதை நெருங்கிய அந்த மனிதன் வாழை மட்டையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். ஐம்பது வருஷமாக ஒரே விஷயத்துக்காக நீ ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமும் தூங்காமல் இருந்திருக்கிறீர்கள். நான் நடுவில் இருந்தேன். இரண்டு பேரையும் ஒரு தடவை எதிரெதிரே உட்கார வைத்திருக்கலாம்.

அதைத்தான் சொல்ல வந்தேன், அக்கா. நீ அவனை ஏமாற்றவில்லை. அவனுக்குத் தெரியும். தெரிந்தே இருந்தான். உன் கணக்கில் நீ போட்டு வைத்திருந்த குற்றத்தில் பாதி அவனுடையது, கொஞ்சம் என்னுடையது. ஒட்டுக் கேட்டுவிட்டு வந்தவள் நான். எதிர்வீட்டுக்கு நாலு எட்டு நடந்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கும் கால் இருந்தது.

ஊருக்குத் திரும்பும்போது உன் வயதைக் கூட்டிப் பார்த்தேன். அந்தக் கோடையில் உனக்குப் பத்தொன்பது. உன்னை நான் பெரியவளாகவே நினைத்துவிட்டேன். எங்களைச் சும்மா இருக்கவிடாமல் ஓட்டிய உனக்கும் அது கைகால் பரபரக்கும் வயதுதான். அந்த மண்வெட்டியைத் தூக்க உனக்கும் ஆசை இருந்திருக்குமா என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை.

முப்பது வருஷம் வார்டில் இருந்தேன். என் பிள்ளைகளை வளர்த்தேன். எந்தப் பிள்ளையை எந்த ஆபத்திலிருந்து இழுத்தாலும் என் வாய் தானாக ஒன்றைக் கேட்கும்: "ஒங்கூட வேற யாரு இருந்தா? அவன் எங்க?" எரிச்சல்படுவார்கள். படட்டும். பதில் கிடைக்கும் வரை நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டுதான் இருப்பேன்.

உன் தங்கச்சி