தோற்றால் வரக்கூடிய திகதிகள்

கிங்ஸ்பரி, லண்டன்
3 மார்ச் 2025

அன்புள்ள மகன் யனுஷனுக்கு,

நாங்கள் நலம் என்று தொடங்கத்தான் கை போகிறது. இந்தக் கடிதத்தில் அது முடியாது.

அம்மாவுக்கு வாயுக்கோளாறு என்று உனக்குச் சொன்னது பொய். கணையத்தில் புற்றுநோய். இன்று காலை டாக்டர் கதிரையை இழுத்துப் போட்டு எங்களுக்கு முன்னால் இருந்தார். டாக்டர்மார் கதிரையை இழுத்தால் நல்ல செய்தி இல்லை என்று அம்மா பிறகு சொன்னாள். நான்கு கிழமை, கூடினால் ஐந்து என்றார். மறந்துவிடுவேனோ என்பதுபோல நான் அதை ஒரு கடதாசித் துண்டில் எழுதிக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்தாள். "இஞ்சாருங்கோ, பெடியனுக்கு இப்ப சொல்லக்கூடாது. அவன்ர விளையாட்டு முடியட்டும். உங்கட இருதய ஒப்பரேஷனுக்கு ஓடி வந்துதானே முந்தி அந்தச் சின்னக் கல்லூரியில இருந்த வேலையைத் துலைச்சவன். சத்தியம் பண்ணுங்கோ." எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, 183ஆம் இலக்க பஸ்ஸில் சத்தியம் பண்ணினேன்.

ஆகவே இதை அனுப்ப முடியாது. எழுதினால் நெஞ்சு ஆறுமோ என்று பார்த்தேன். ஆறவில்லை.

அப்பா

(அனுப்பவில்லை. — ச.)


கிங்ஸ்பரி
4 மார்ச் 2025

அன்புள்ள மகன் யனுஷனுக்கு,

நாங்கள் நலம். உன் நலமும் உன் அணிப் பெடியன்களின் நலமும் அறிய ஆவல். தொலைபேசியில் எனக்கு வார்த்தை வருவதில்லை என்பது நீ அறிந்தது. இரண்டு தரம் "ஓம்" சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுகிறேன். ஆகவே இனிக் கடிதமாகவே எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பிறேமினி வேலையால் வந்ததும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் உனக்கு அனுப்புவாள். எழுத்து விளங்காவிட்டால் பெரிதாக்கிப் பார்க்கலாமாம்.

அம்மாவின் வயிற்று நோவு முற்றாக மாறவில்லை. படியேறத் தேவையில்லை என்பதற்காகக் கட்டிலைக் கீழே ஹோலுக்கு இறக்கியிருக்கிறோம். யோசிக்காதே.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன் நீ அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் 'புரோகிராமில்' சேர்ந்துவிட்டேன் என்று சொன்னபோது, கொம்பியூட்டர் புரோகிராம் என்று விளங்கிக்கொண்டு பத்துப் பேருக்குச் சொல்லிவிட்டேன். பிழை தெரிந்தபோது கதை வெம்பிளி வரை போய்விட்டது. திருத்தத் துணிவு வரவில்லை. போன மாதம் கோவிலில் சிவனேஸ்வரி அக்கா, "மகன் இன்னும் அந்தப் புரோகிராமிலதானோ?" என்று கேட்டா. நான் "ஓம்" என்றேன். அம்மா பின்னாலிருந்து, "இல்லையக்கா, அவன் பந்து பழக்கிறவன். அது பெரிய இடம்" என்று வரிசை முழுக்கக் கேட்கச் சொன்னாள்.

பெரிய இடம் என்றால் எவ்வளவு பெரியது என்று அறிய விரும்புகிறேன். ஒரு கல்லூரியின் கூடைப்பந்துப் புரோகிராம் வரலாற்றிலேயே முதல்தரமானது என்று எதைக் கொண்டு சொல்வது? நான் வேலை செய்த புள்ளிவிபரத் திணைக்களத்தில் அளவுகோல் இல்லாமல் நாங்கள் ஒன்றையும் தரம் பிரித்ததில்லை. வாசித்ததில் நான்கைக் குறித்தேன். நாட்டுக் கிண்ணம் எத்தனை முறை. எத்தனை வருடம் இடைவிடாமல் மார்ச்சில் நடக்கும் நாடளாவிய போட்டிக்குத் தெரிவானார்கள். எத்தனை பேர் பிறகு தொழிலாக விளையாடப் போனார்கள். பெரிய பயிற்சியாளர் போனபின்னும் வெற்றி நிலைத்ததா. பிழை என்றால் திருத்து. என் கணிப்பில் எனக்கு எப்போதும் முழு நம்பிக்கை இல்லை.

இந்த வருடம் உங்கள் ஆட்டம் எந்தத் திகதியில் முடியும்? சரியான திகதி வேண்டும். சும்மா அறியத்தான்.

அன்புடன்,
அப்பா


8 மார்ச்

அன்புள்ள அப்பா,

உங்கட கடிதத்தை அணி பஸ்ஸில இருந்து வாசிச்சன். பக்கத்தில இருந்த பெடியன், ஆறடி பத்து அங்குலம், எட்டிப் பார்த்து "இது என்ன, எதிரணியின்ர ஆட்டத் திட்டமோ?" எண்டு கேட்டான். என்ர அப்பான்ர கையெழுத்து எண்டன். நம்பேல்லை.

சிவனேஸ்வரி மாமிக்குப் பயந்து கொம்பியூட்டர்க் கதையை முழுசா விட்டிடாதேங்கோ. ஆரும் என்ர சம்பளம் கேட்டா அதையே சொல்லுங்கோ.

உங்கட நாலு அளவுகோலும் சரி. கிண்ணம் எங்களிட்ட அஞ்சு இருக்கு. ஆனா அதை மட்டும் எண்ணாதேங்கோ அப்பா. நல்ல பெடியள் அஞ்சு பேர் ஒண்டாச் சேர்ந்தா ஆரும் ஒரு வருசம் வெல்லலாம். அது அணி. அணி ரெண்டு மூண்டு வருசத்தில கலைஞ்சிடும். ஆள் மாறினாலும் மாறாமல் நிக்கிறதுக்குத்தான் இஞ்ச புரோகிராம் எண்டு பேர். மற்றக் கல்லூரிகளைப் பற்றி "இந்த மார்ச் வருவினமோ?" எண்டு கேட்பினம். எங்களைப் பற்றி "எப்ப தோத்து வீட்டை போவினம்?" எண்டுதான் கேட்பினம். அவ்வளவுதான் வித்தியாசம்.

திகதி சொல்ல ஏலாது. 21இல முதல் ஆட்டம். ஒருக்காத் தோத்தா அண்டைக்கே முடிஞ்சுது. தோக்காமலே போனா ஏப்ரல் 7.

அம்மான்ர குரல் ஏன் சுருங்கிக் கிடக்கு? கேட்டா இருமல் எண்டுறா. நீங்கள் வயித்து நோ எண்டுறியள். ரெண்டு பேரும் கதைச்சு ஒரு வருத்தத்தைச் சொல்லுங்கோ.

யனு


கிங்ஸ்பரி
19 மார்ச் 2025

அன்புள்ள மகன் யனுஷனுக்கு,

இருமலும் உண்டு, வயிற்று நோவும் உண்டு. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னோம்.

நீ எழுதியதோடு பிறேமினி தேடித் தந்த மற்ற ஆட்டத் திகதிகளையும் சேர்த்து ஒரு அட்டவணை போட்டேன். ஆட்டத்துக்கு மறுநாள் புறப்பட்டால் அதற்கடுத்த நாள் இங்கே நிற்கலாம் என்று கொண்டேன்.

மார்ச் 21 தோற்றால், மார்ச் 23.
மார்ச் 23 தோற்றால், மார்ச் 25.
மார்ச் 28 தோற்றால், மார்ச் 30.
மார்ச் 30 தோற்றால், ஏப்ரல் 1.
ஏப்ரல் 5 தோற்றால், ஏப்ரல் 7.
ஏப்ரல் 7, வென்றாலும் தோற்றாலும், ஏப்ரல் 9.

தோற்பீர்கள் என்று எண்ணி எழுதவில்லை. நடக்கக்கூடிய எல்லாவற்றையும் எழுதிவைப்பது என் பழக்கம். அம்மா அட்டவணையை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தாள். கடைசி வரியைத் தொட்டு, "இதுதானே கிண்ணம்? இந்த நாளையே வையுங்கோ" என்றாள். பிறகும் கனநேரம் அந்தத் தாளைக் கையில் வைத்திருந்தாள்.

சாப்பாடு கொஞ்சம் குறைவு. கஞ்சி குடிக்கிறாள்.

அன்புடன்,
அப்பா


24 மார்ச்

அன்புள்ள அப்பா,

ரெண்டும் வெண்டிட்டம்! அம்மாட்டச் சொல்லுங்கோ. ரெண்டாவது ஆட்டத்தில பதினொரு புள்ளி பின்னால நிண்டு வந்தனாங்கள். இப்ப பதினாறு கல்லூரிதான் மிச்சம்.

உங்கட பட்டியலில ஒண்டு விடுபட்டுப் போச்சு. அஞ்சாவது அளவுகோல். மண்டபத்துக்குப் போற வழியில எங்கட பழைய கோச் ஒருத்தற்ற படம் தொங்குது. அவற்ற தாய் செத்து அடுத்த நாள் ஆட்டத்துக்கு வந்து நிண்டவர். வெண்டுபோட்டுத்தான் செத்தவீட்டுக்குப் போனவர். சேர்ந்த முதல் நாளே எல்லாரையும் அந்தப் படத்துக்கு முன்னால நிப்பாட்டிக் கதையைச் சொல்லுவினம். இஞ்ச இருக்கிறவன் மார்ச்சில வீட்டை போகமாட்டான். அதாலதான் நாங்கள் நாங்களா இருக்கிறமாம்.

எனக்கு அந்தக் கதை பிடிக்கிறேல்லை. ஆனா புதுப் பெடியளுக்கு இப்ப நான்தான் அதைச் சொல்லுறனான். நல்லாவும் சொல்லுவன்.

அம்மா ஏன் ரெண்டு நாளா போனுக்கு வரேல்லை?

யனு


கிங்ஸ்பரி
26 மார்ச் 2025

அன்புள்ள மகன் யனுஷனுக்கு,

பிறேமினி அச்செடுத்துத் தந்த உன் கடிதத்தை அம்மாவுக்குப் பாதிதான் வாசித்தேன். படம் வரும் இடத்தில், கண் எரிகிறது என்று மடித்துவிட்டேன்.

நான் வாய் திறக்காதது அம்மாவுக்குச் செய்த சத்தியத்துக்காக என்றே இதுவரை நினைத்திருந்தேன். அது முழு உண்மை அல்ல என்று நேற்றுத் தெரிந்தது. நீ அறியாமல் வராதிருந்தால் அந்தப் பிழை என்னுடையது. அதைச் சுமப்பேன். அறிந்தபின்னும் நீ அந்தப் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டால்? அதைப் பார்க்கப் பயந்துதான் எழுதாமல் இருக்கிறேன்.

இன்று பிறேமினியை அம்மாவோடு இருத்திவிட்டு வெஸ்ட் ஈலிங் அம்மன் கோவிலுக்குப் போனேன். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். யனுஷன், உத்தரட்டாதி என்றேன். அவர் அர்ச்சனை செய்துகொண்டிருக்க, வெள்ளிக்கிழமை நீங்கள் தோற்கவேண்டும் என்று கேட்டேன். எழுபத்தாறு வயதில், மகனின் பெயரைச் சொல்லி, அவனுடைய தோல்வியைக் கேட்டேன். வெளியே வந்து சப்பாத்தைத் தேடிப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

"என்ன கேட்டனீங்கள்?" என்றாள் அம்மா.

"வெல்லோணும் எண்டுதான்."

"நல்லது" என்று விபூதிக்கு நெற்றியைக் காட்டினாள்.

உன் கல்லூரி எவ்வளவு பெரியது என்று எனக்கு இப்போது நன்றாக விளங்குகிறது. ஒரு சாதாரணக் கல்லூரியாக இருந்திருந்தால் 23ஆம் திகதியே நீ இந்த ஹோலில் நின்றிருப்பாய்.

அப்பா

(அனுப்பவில்லை. வெள்ளிக்கிழமை வென்றுவிட்டார்கள். — ச.)


31 மார்ச்

அன்புள்ள அப்பா,

பார்த்திருப்பியள். ஒரு புள்ளியால தோத்திட்டம். கடைசி ஆறு செக்கனுக்கு ஆட்டத் திட்டம் வரைஞ்சது நான்தான். பெடியன் சரியாத்தான் எறிஞ்சவன்.

உங்கட அட்டவணைப்படி நாளைக்கு நான் அங்க நிக்கோணும். ஏலாதப்பா. பெடியள் கல்லூரி மாறுற காலம் போன கிழமையே திறந்திட்டுது. எங்கட மூண்டு பேரை மற்றக் கல்லூரிகள் இழுக்குதுகள். அவையைப் பிடிச்சு வைக்கோணும், புது ஆக்களையும் பார்க்கோணும். வீடு வீடாப் போய்த் தாய்மாரோட இருந்து கதைச்சாத்தான் பெடியள் நிப்பாங்கள். இந்தக் கிழமை மட்டும் ஆறு அம்மாமாரைப் பார்க்கப் போறன்.

ஏப்ரல் 26க்கு டிக்கெட் போட்டிட்டன். கட்டாயம் வருவன். அம்மாட்ட இண்டைக்கே சொல்லுங்கோ.

யனு


கிங்ஸ்பரி
2 ஏப்ரல் 2025

அன்புள்ள மகன் யனுஷனுக்கு,

ஏப்ரல் 26 என் அட்டவணையில் இல்லை.

மார்ச் 3, மார்ச் 26 திகதியிட்டு நான் அனுப்பாமல் வைத்திருந்த இரண்டு கடிதங்களையும் இதனோடு சேர்த்து அனுப்புகிறேன். முதலில் அவற்றை வாசி. பிறகு இதற்கு வா.

வாசித்திருப்பாய். இனி ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

இங்கே அன்று அன்னையர் நாள். பிறேமினி மஞ்சள் பூக்கள் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்திருந்தாள். மாலை ஆட்டம் தொடங்கியதும் அம்மாவுக்குத் தலையணை உயர்த்திக் கொடுத்தேன். ஓரத்தில் நீ முழந்தாளிட்டுப் பலகையில் கோடு போடுவதைக் காட்டினார்கள். "மெலிஞ்சு போனான். ஆர் இவனுக்குச் சமைக்கினம்?" என்றாள். இடைவேளைக்கு முன்பே கண்ணயர்ந்துவிட்டாள்.

கடைசிப் பந்து வளையத்தைச் சுற்றிவந்து வெளியே விழுந்தது. நான் கைதட்டினேன். நீ தலையைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்ததைப் பார்த்துக்கொண்டே கைதட்டினேன், மகனே. அந்தச் சத்தத்தில் அம்மா விழித்தாள்.

"வெண்டிட்டினமோ?"

கைதட்டிக்கொண்டிருந்த ஆள் வேறு எதைச் சொல்வது? "ஓம்" என்றேன்.

அவள் சிரிப்பாள் என்று முகத்தைப் பார்த்தேன். "அப்ப இன்னும் ஒரு கிழமை" என்றாள். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அட்டவணை முழுவதையும் அவள் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். சத்தியம் வாங்கியவளும் உன் தோல்விக்குத்தான் காத்திருந்திருக்கிறாள்.

நான் உடனே, "இல்லை நகுலா, பிழையாச் சொல்லிப்போட்டன். தோத்திட்டினம். அவன் வந்திடுவான்" என்றேன்.

"என்னைத் தேத்த வேண்டாம். உங்களுக்குப் பொய் சொல்ல வராது" என்றாள்.

ஒரு மாதமாக உன்னிடம் பொய் எழுதி வந்தவன் நான். உண்மையைச் சொன்ன ஒரு தரம் அவள் நம்பவில்லை. அன்றிரவும் சொன்னேன், திங்களும் சொன்னேன். பிறேமினியும் சொன்னாள். நாங்கள் பேசிவைத்துக்கொண்டு சொல்கிறோம் என்று நினைக்கிறாள். உன் 26ஆம் திகதியை அவளிடம் சொல்லவில்லை.

இன்று காலை வந்த நர்ஸ் கிழமைக் கணக்கில் பேசவில்லை, நாள் கணக்கில் பேசினார். மருந்து சொட்டும் சிறிய இயந்திரம் ஒன்றைக் கையில் பூட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் நித்திரை. விழித்தால் வாசலைப் பார்க்கிறாள்.

சத்தியத்தை முறிக்கிறேன். இதில் எது சரி என்று முன்னைப்போலவே எனக்குத் தெரியவில்லை. நீ வரவேண்டும் என்று கேட்கிறேன். நான் உன்னிடம் வாய் திறந்து கேட்பது இதுதான் முதல் தரம் என்று நினைக்கிறேன்.

தோற்றுவிட்டோம் என்பதை நீ இந்தக் கட்டிலடியில் வந்து நின்று சொன்னால்தான் அவள் நம்புவாள்.

உன் அப்பா,
சண்முகராசா

(அனுப்பியது: 2 ஏப்ரல், மாலை 5.10, மூன்று கடிதங்களும். அவன் வாசித்ததைக் காட்டும் நீலக் குறி இன்னும் விழவில்லை. — ச.)