நகர்ந்து உட்கார்ந்தவர்களுக்கு நாய் கொடுத்த கண்டக்டர் அண்ணனுக்கு

அண்ணே,

கீழ் வீட்டுக்குப் புதிதாகக் குடி வந்திருக்கும் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் தங்கள் நாய்க்குக் கேப்பைக் கூழ் காய்ச்சுகிறார்கள். அதில் கருவாட்டுத் தலை வேறு. நான் பல் கூட விளக்காத நேரத்தில் அந்த வாடை மாடிப்படி ஏறி வந்து என் மூக்கில் உட்கார்ந்துகொள்கிறது. என் மனைவி ஜன்னலைச் சாத்தினாள். நான் திறந்தேன். "குடலைப் பெரட்டுது, தெறக்கறீங்களே, புத்தி கெட்டுப்போச்சா?" என்றாள். என்ன பதில் சொல்வது? செத்துப்போன ஒருவர் மேல் எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வருகிறது, அதற்கு இந்த வாடை தேவைப்படுகிறது என்றா?

ஆமாம், கோபம்தான். இறந்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டும் என்பார்கள். அதை உங்கள் யூனியன்காரர்கள் போஸ்டர் அடித்தே செய்துவிட்டார்கள். 'பண்பாளர்' என்று போட்டிருந்தார்கள். பண்பாளராம்! புதுசாகத் தைத்துப் போட்டிருந்த என் டெரிகாட்டன் பேண்ட்டின் மேல் நாய்க்குட்டியை மூத்திரம் பெய்ய வைத்தவர் பண்பாளர் என்றால், ஊரில் போக்கிரி என்று யாரும் மிச்சமிருக்க மாட்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு விழுப்புரத்தில் வீடு, திண்டிவனத்தில் குமாஸ்தா உத்தியோகம். தினமும் உங்கள் பஸ். அப்போது ஒரு வார இதழில் என்னுடைய துணுக்குகள் இரண்டு வெளிவந்திருந்தன. அதை வைத்துக்கொண்டு நான் எழுத்தாளனாகவே நடமாடினேன். ஜன்னலோரம் உட்காருவேன், தூரத்து வயலைப் பார்ப்பேன், யாரோடும் பேசமாட்டேன். அந்த மோனத்தில்தான் ஒரு நாள், விக்கிரவாண்டி ஸ்டாப்பில் இறங்கி ஏறிய நீங்கள், ஈரமான பழுப்பு உருண்டை ஒன்றை என் மடியில் வைத்தீர்கள்.

"சார், இதக் கொஞ்சம் புடிங்க. டிக்கெட் போட்டுக்கினு வந்துடறேன்."

"எனக்கு நாய்னா ஆவாதுங்க!"

"அதுக்கும் உங்கள ஆவலதான். மூஞ்சப் பாருங்க. ரெண்டு பேரும் திண்டிவனம் வரைக்கும் பொறுத்துக்குங்க."

பொறுத்துக்கொண்டது நான் மட்டும்தான். அன்று ஆபீசில் எல்லோரும் என் பேண்ட்டைப் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன். சாயங்காலம் உங்களிடம் சண்டை போட வந்தவனை நேராக உங்கள் கொட்டாய்க்கு அழைத்துப் போனீர்கள். ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று பின்னால் கேட்டேன். "நீங்க நகர மாட்டீங்க சார். ஆனா எழுந்து ஓடவும் மாட்டீங்க" என்றீர்கள். இன்று வரை அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

திண்டிவனத்தில் பூட்டிக் கிடந்த ஒரு மல்லாட்டை குடோனின், அதாவது வேர்க்கடலைக் கிடங்கின், பின்பக்கம், கூரை பாதி போன நீளக் கொட்டாய். குடோன் முதலாளி, எலி தொல்லை போகுமே என்று சும்மா விட்டிருந்தார். ஊரார் அதை நாய்க் கொட்டாய் என்றார்கள். சாலையில் அடிபட்டது, சொந்தக்காரர்கள் வீடு மாற்றும்போது விட்டுப்போனது, சாக்கில் கட்டி ஏரியில் போட வந்தவனிடம் பிடுங்கியது, எல்லாம் அங்கேதான். ஊடே சில பூனைகளும். புதிதாக வருவதை வேப்ப மரத்தடியில் தனியாகக் கட்டுவீர்கள். சொறி ஆறி, எச்சிலில் கோளாறு ஒன்றும் இல்லை என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் மற்றவற்றோடு சேர்ப்பீர்கள். புண்ணில் புழு வைத்திருந்தால் தேங்காயெண்ணெயில் கற்பூரம் குழைத்துப் போட்டு, புழு வெளியே வர வர முள்வாங்கியால் எடுப்பீர்கள். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் தலை சுற்றும். பூ வியாபாரம் முடித்துவிட்டு வரும் சரோஜாக்கா கருவாட்டுத் தலை போட்டுக் கேப்பைக் கூழ் காய்ச்சுவார். "சாரு மூக்கப் புடிச்சிக்கினு நிக்கறாரு. துடுப்பப் புடிக்கச் சொல்லுங்க" என்று என்னிடமே சொல்லாமல் உங்களிடம் சொல்லுவார். துடுப்பையும் பிடித்தேன்.

பராமரிப்பது கூடப் பரவாயில்லை. கொடுப்பதில்தான் நீங்கள் என் பிராணனை வாங்கினீர்கள். நாயைக் கேட்டு யாராவது வந்தால் நாம் கும்பிட்டுக் கொடுக்க வேண்டாமா? நீங்களோ பஸ்ஸிலேயே ஆள் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கூடைக்காரம்மா ஏறினால் யார் நகர்ந்து இடம் விடுகிறார்கள், யார் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குவது போல் நடிக்கிறார்கள் என்று கவனிப்பீர்கள். "நகர்ந்து உக்கார்றவன் வூட்டுல ஒரு உசுரு கூட இருக்கலாம் சார். நகராதவன் பங்களாவே கட்டியிருந்தாலும் எடம் பத்தாது." இதுதான் உங்கள் சட்டம்.

ஒரு முறை பெரிய மனிதர் ஒருவர், கையில் மோதிரம், கழுத்தில் செயின், கொட்டாய்க்கே வந்து கேட்டார்.

"ஜாதி நாய் இருக்குதா?"

"எதுக்குங்க?"

"கேட்டுல நிக்க வெச்சா ஒரு கெத்து வேணாமா?"

"கெத்துக்கு நீங்களே நில்லுங்க. நல்லாத்தான் இருக்கீங்க" என்றீர்கள். மனிதர் போன வேகத்தில் குடோன் சுவரே அதிர்ந்தது. அன்று சாயங்காலமே கூட்டேரிப்பட்டு தையல்காரரைத் தேடிப் போய், அவர் வேண்டாம் வேண்டாம் என்று கும்பிடக் கும்பிட ஒரு கறுப்பு நாயை அவர் மெஷினுக்கு அடியில் விட்டுவிட்டு வந்தீர்கள். கேட்டவருக்கு இல்லை, கேட்காதவருக்கு உண்டு. உங்கள் நியாயம் எனக்குப் பிடிபடவே இல்லை.

இப்படி அந்தச் சாலை நெடுக நாய்களைக் குடிவைத்த பிறகுதான் அந்தக் கூத்து ஆரம்பித்தது. கொட்டாயில் கூழ் ஊற்றும்போது நாய்களை எப்படிக் கூப்பிடுவீர்கள்? கழுத்தில்தான் தொங்குகிறதே, விசில். அதுவும் கை பழகின இரட்டை விசில். டிரைவருக்கு அது 'போகலாம்.' உங்கள் நாய்களுக்கு அது 'சாப்பிடலாம்.' இது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. புது வீடுகளுக்குப் போன நாய்கள், சாலையில் எந்தக் கண்டக்டர் இரட்டை விசில் கொடுத்தாலும், கட்டை அறுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடி வந்தன. பஸ் கிளம்புகிறது, பின்னால் நாய் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறது. தையல்காரரின் கறுப்பன் படிக்கட்டில் தாவி ஏறியே விட்டான். அளவு டேப்பைக் கழுத்தில் போட்டபடி தையல்காரர் பின்னால் ஓடி வந்தார்.

"யோவ் கண்டக்டரே, எனக்கு நாய் குடுத்தியா, அதுக்கு பஸ் பாஸ் குடுத்தியா?"

உங்களோடு வேலை பார்த்தவர்கள் விடுவார்களா? "உன் சொந்தக்காரங்க எல்லா ஸ்டாப்புலயும் நிக்கறாங்கப்பா. முழு டிக்கெட்டா, அரை டிக்கெட்டா, நீயே சொல்லிடு" என்று டெப்போவில் ஒரே கேலி. நீங்கள் சிரித்தீர்கள். கஷ்டப்பட்டது யார்? கொட்டாயில் சரோஜாக்கா விசிலுக்குப் பதிலாக அன்னக்கூடையைக் கரண்டியால் தட்டிப் பழக்கிவிட்டார். ஏற்கெனவே போன நாய்களுக்கு? ஞாயிற்றுக்கிழமை தோறும் என்னை அனுப்பினீர்கள். வீடு வீடாகப் போய், "இனிமே தட்டு சத்தம் கேட்டாத்தான் சோறுன்னு பழக்குங்க, இப்படித் தட்டணும்" என்று தட்டிக் காட்டினேன். ஒரு வீட்டில் நான் வாயைத் திறப்பதற்குள் தட்டில் சில்லறை விழுந்தது. விஷயத்தை உங்களிடம் மனம் நொந்து சொன்னால், "பரவால்ல, கருவாட்டுக்கு ஆச்சு" என்று கையை நீட்டினீர்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு வந்தது. குடோன் முதலாளி அங்கே எண்ணெய் மெஷின் போட முடிவு செய்தார். "பொங்கல் கழிச்சி பூட்டு போட்டுடுவேன். அதுக்குள்ள காலி பண்ணிடு. ஒண்ணு இருந்தாலும் முனிசிபாலிட்டி வண்டிக்குச் சொல்லிடுவேன்" என்றார். அந்த வண்டியில் போன நாய் திரும்பி வந்ததாக யாரும் சொன்னதில்லை. பஸ் பஸ்ஸாக ஆள் பிடித்தோம். பூனைகள் யாருடைய தயவும் இல்லாமல் அக்கம்பக்கத்து அடுப்படிகளில் குடியேறின. நாய்கள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் நின்றது ஜல்தி.

லாரியில் அடிபட்டுப் பின்னங்கால் ஒன்று போன கிழ நாய். கொட்டாயிலேயே அதுதான் மெதுவாக நடக்கும், அதனாலேயே நீங்கள் வைத்த பெயர். ஒரு கண் பால் மூடியிருந்தது. பார்க்க வருகிறவர்களை எல்லாம் குரைத்தே துரத்திவிடும். சரோஜாக்கா வீட்டில் ஏற்கெனவே இடமில்லாத அளவுக்கு இருந்தன. உங்கள் வீடோ ஒரே அறை, அண்ணிக்கு இழுப்பு. நாய் முடி ஆகவே ஆகாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும் முன் நீங்களே வாசலில் சட்டையைக் கழற்றி உதறிவிட்டுத்தானே போவீர்கள்.

பூட்டு போடுவதற்கு முந்தின நாள் ஜல்தியை பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டீர்கள். கடைசி ட்ரிப், விழுப்புரம் போகிறது. நல்ல கூட்டம். முன் சீட்டில் கெடார் பக்கத்து ஆள் ஒருவர் இரண்டு பேர் இடத்தில் காலை அகட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மல்லாட்டை விற்கிற அம்மா கூடையோடு நின்றுகொண்டே வந்தார். அந்த ஆள் அசையவில்லை. நாயைப் பார்த்ததும்தான் அசைந்தார்.

"இன்னாப்பா, நாய் சும்மாவா? குடு. மோட்டார் கொட்டாயில கட்டிப் போட்டுடறேன். கொலைக்குது இல்ல, அது போதும்."

"சோறு?"

"எவனாவது அந்தப் பக்கம் போனா போடுவான்."

நீங்கள் கம்பியில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து அவர் பக்கம் நீட்டினீர்கள். அண்ணே, அந்தக் கை நீண்டதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"அண்ணே! அவர் நகரவே இல்லியே!"

"யாரு இவரு? நான் எங்க நகரணும்?" என்றார் கெடார்காரர்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "அப்ப எங்க உடறது சார்? நாளைக்கிப் பூட்டிடுவான். சொல்லுங்க. எங்க உடறது?" உங்களிடம் பதில் இல்லாமல் நீங்கள் கேட்ட ஒரே கேள்வி அது. என்னிடமும் இல்லை. மல்லாட்டை அம்மாவிடம்தான் இருந்தது.

"தோ, கத்தறாரே, அவரு வூட்டுல உடேன்."

பஸ் முழுக்க சிரித்தது. விழுப்புரத்தில் இறங்கும்போது கயிறு என் கையில் இருந்தது. எப்படி வந்தது என்று சத்தியமாகத் தெரியாது.

"என்னாங்க இது?" என்றாள் மனைவி.

"நாய்."

"அது தெரியுது. நாலாவது கால் எங்க?"

அடுத்த வாரம் உங்களுக்கு ஓய்வு நாள். வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். நன்றி சொல்லத்தான் வந்திருக்கிறார், கையில் ஏதாவது ஸ்வீட் பெட்டி இருக்கும் என்று பார்த்தேன். வெறுங்கை. எங்கள் வீட்டைச் சோதனை போட வந்திருந்தீர்கள்! கொல்லைப்புறம் போய் வானத்தைப் பார்த்தீர்கள். "மத்தியானம் வெயிலு நேரா அடிக்கும். கீத்து போடணும்." தண்ணீர்ச் சட்டியில் விரலை விட்டுப் பார்த்தீர்கள். "பாசி புடிச்சிருக்குது." என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மனைவியைக் கேட்டீர்கள்.

"அம்மா, சாரு வீட்லயாவது நகர்றாராம்மா?"

"பந்தியில கூட நகர மாட்டாருங்க" என்றாள் என் தர்மபத்தினி.

"அதாம்மா பயமா இருக்குது. நீங்கதான் பாத்துக்கணும்."

எனக்குக் கண்மண் தெரியாத கோபம். "ஏண்ணே, உங்களுக்காகத்தானே வாங்கிக்கினேன், என்னையே சோதிக்கறீங்களே?" என்றேன். "சிநேகிதம் வேற சார், நாய் வேற" என்று சொல்லிவிட்டு, காபியைக் குடித்துவிட்டுப் போனீர்கள். கீற்று போட்டேனா என்று பார்க்க மறுபடியும் வந்தீர்கள். போட்டிருந்தேன். சரிவு போதாது என்றீர்கள். ஜல்தி அந்தக் கீற்றுக்குக் கீழே பல வருஷம் வாழ்ந்தது. கடைசி வரை என் மனைவி பின்னாலேயே நடந்தது. என்னைப் பார்த்தால் மட்டும் குரைத்தது.

போன மாசியில் நீங்கள் போனீர்கள். திண்டிவனம் வந்தேன். உங்கள் தெருவில் நிற்க இடமில்லை. யூனியன்காரர்கள் ஒரு பக்கம். மற்றவர்கள் யாரென்றே தெரியவில்லை. ஒருவரை ஒருவர் தெரிந்தவர்களாகவும் இல்லை. நான் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டு, இரங்கல் சொல்லச் சொன்னால் சொல்லலாம் என்று இரண்டு நல்ல வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு நின்றேன். பக்கத்தில் நின்றவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க எந்த நாய்ங்க?"

சாவு வீட்டில் சண்டை கூடாது என்று பல்லைக் கடித்தேன். அவர் தன் மார்பைத் தொட்டுக்கொண்டார். "நான் பேஜாரு. விக்கிரவாண்டி." அவருக்குப் பின்னால் நின்ற அம்மா, "நாங்க செவல" என்றார். அப்போதுதான் விளங்கியது. தெரு முழுக்க அந்தச் சாலையின் வீடுகள் நின்றிருந்தன.

"ஜல்தி" என்றேன்.

"யாரு, அந்த மூணு கால் கெழமா? அதுவா உங்ககிட்ட?" என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அத ஒருத்தர் கையில குடுத்துட்டு டெப்போவுல உக்காந்து அழுதாராமே கண்டக்டரு. நல்ல எடமாங்கன்னு கேட்டதுக்கு, 'அதுக்கு மேல எடம் கெடையாது'ன்னாராம்."

என்னிடம் ஒரு வார்த்தை சொன்னீர்களா அண்ணே? கீற்று சரிவில்லை, சட்டியில் பாசி, சார் நகர மாட்டார். இத்தனை காலம் நான் ஒரு பஸ் சிரித்ததால் தலையில் கட்டப்பட்ட நாயை வளர்த்தேன் என்றே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். கதையாகவே எழுதிக் காசு வாங்கியிருக்கிறேன். இப்போது அதையெல்லாம் யார் திருத்துவது?

என்னை இரங்கல் பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இத்தனை வருஷம் எழுதியதை அங்கே ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை. கலைந்து போகும்போது மட்டும் பின்னாலிருந்து யாரோ, "ஜல்தி சார், பஸ் வந்துடுச்சு, வாங்க" என்று கூப்பிட்டார்கள். என் பெயர் அது இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லாமல் போய் ஏறிக்கொண்டேன்.