நான் அம்மாயி இல்லை, நங்கை

என்னோடு சண்டை போடுவதற்கென்றே என் வீட்டுக்காரருக்கு அக்காளாய்ப் பிறந்த நங்கைக்கு,

நீங்கள் போன பிறகு இங்கே நடந்த கூத்தைக் கேட்டால், மாலை போட்ட படத்திலிருந்து இறங்கி வந்துவிடுவீர்கள். இந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது. நம் கவிதாவுக்கு இல்லை. அவளுக்கே மாப்பிள்ளை தேடிக்கொண்டிருக்கிறோம். எனக்கு! நாற்பத்திரண்டு வயசில்!

மாசாமாசம் வரும் தூரம் நின்றபோது வயசாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். வயிறு உப்பியதற்குப் போண்டாவைத் திட்டினேன். டாக்டரம்மா ஸ்கேன் பார்த்துவிட்டு, "ஆறு மாசம்ங்க" என்றார். உங்கள் தம்பி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "யாருக்குங்க?" என்று கேட்டார். இந்த மனுசனை நான் என்ன செய்ய?

பையன். வீட்டுக்கு வந்து இன்னும் மாசம் ஆகவில்லை. கவிதாவை வளர்த்தது எல்லாமே மறந்துபோச்சு. தும்மினால் பயம், தும்மாமல் தூங்கினாலும் மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறேன். துணிக்கு மட்டும் பஞ்சமில்லை. பனியன் கம்பெனியில் வெட்டி மிஞ்சியதெல்லாம் மூட்டையாக வருகிறது. துரைக்கு எக்ஸ்போர்ட் துணியில்தான் மூத்திரம்.

கவிதா மட்டும் தம்பியைத் தொடவே இல்லை. வேலைக்கும் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "உம்பட மாப்பிள்ளைக்கு மச்சினன் வேண்டாமா கண்ணு?" என்று சீண்டினேன். சிரிக்கவில்லை. என் மகள் என் பேச்சுக்குச் சிரிக்காமல் இருந்து பார்த்திருக்கிறீர்களா?

அப்புறம்தான் தலையில் இடி விழுந்தது. பக்கத்து லைன் வீட்டுச் சுப்பாத்தா பிள்ளை பார்க்க வந்தாள். தொட்டிலைப் பார்த்தாள். உள்ளே படுத்திருந்த கவிதாவையும் எட்டிப் பார்த்தாள். பிறகு என் காதோரம் வந்து, "மறைக்காமச் சொல்லுங்க. நீங்க அம்மாயிதானுங்களே? எல்லாரும் அப்படித்தான் பேசிக்கறாங்க" என்றாள்.

அம்மாயியாம்! அம்மாவைப் பெற்ற பாட்டியாம்! மகள் பெற்றதை மறைக்க, நான் பெற்றதாகச் சொல்கிறேனாம். பொங்கலூரிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தவர்கள் காது வரைக்கும் போய்விட்டதாம். கவிதா ஏன் சுவரைப் பார்த்துப் படுத்தாள் என்று அப்போதுதான் புரிந்தது.

என் வாய் அடைத்துப்போனது, நங்கை. உங்களாலேயே அடைக்க முடியாத வாய். வெட்கப்பட்டுக்கொண்டு உங்கள் தம்பியின் சட்டைக்குள்ளேயே வயிற்றை மறைத்துத் திரிந்தேனே, அது என் பெண்ணின் தலையில் விடியும் என்று கண்டேனா? நானும் அவளுமாக அவிநாசி ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்று பேராகத் திரும்பி வந்தோம். பார்த்தவர்கள் அவர்கள் இஷ்டத்துக்குக் கணக்குப் போட்டுக்கொண்டார்கள்.

சுப்பாத்தாவின் ரகசியம் நாலு வீட்டுக்குக் கேட்கும். உள்ளே இருந்த கவிதாவுக்கும் கேட்டுவிட்டது. எழுந்து வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவளோ நேராகத் தொட்டிலுக்குப் போய், கத்திக்கொண்டிருந்தவனை முதல்முதலாகத் தூக்கினாள்.

"தலையைப் புடி கண்ணு!"

"தெரியுமுங்ம்மா." கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "பசிக்குதாட்ட இருக்குது. குடுங்க." பிறகு சுப்பாத்தாவுக்குப் பாயை விரித்தாள். "உக்காருங்க்கா. எந்தம்பி யாருகிட்டப் பால் குடிக்கறான்னு நல்லாப் பாத்துட்டுப் போயி, எல்லார்த்துக்கும் சொல்லுங்க."

கண்ணைத் தாழ்த்தவே இல்லை. சுப்பாத்தா உட்காரவில்லை. அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தாளாம், ஓடிவிட்டாள்.

அதற்கப்புறம்தான் கவிதா அழுதாள், தம்பியின் உள்ளங்காலைப் பிடித்துக்கொண்டு. "ஏனுங்ம்மா, இவன் மூக்கு அத்தை மூக்காட்டவே சப்பையா இருக்குதுங்க" என்றாள். கோபித்துக்கொள்ளாதீர்கள், சொன்னது நானில்லை.

பொங்கலூர்க்காரர்கள் இன்னும் வரவில்லை. வருவார்களா? உங்கள் தம்பி போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நானும் வாசலை எட்டி எட்டிப் பார்க்கிறேன். கவிதா சொல்கிறாள், "வந்தா தம்பியத் தூக்கீட்டுத்தான் முன்னால வந்து நிப்பனுங்க."

உங்கள் மேல் சத்தியம், நங்கை. இனி ஒரு நாளும் இவனை முந்தானைக்குள் மூடமாட்டேன். இடுப்பில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போவேன். கேட்காதவர்களையும் நிறுத்தி வைத்துச் சொல்வேன், நான் பெத்ததுங்க என்று.

இப்படிக்கு,
இந்த வயசில் கைப்பிள்ளைக்காரியாகிப்போன
உங்கள் தம்பி பெண்டாட்டி சரசு